எல்லா நட்டுக்கும் ஒரே ஸ்பேனர்

அன்பு மகள் வாலுவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்பால் சுகம், மனசு எப்படி இருக்கிறது என்பதைக் கடிதத்தைப் படித்து நீயே தெரிந்துகொள். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குளிருக்குப் பழகி, வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நன்றாக இருக்க வேண்டும். பெரியம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது. கட்டுப் பிரித்ததும் முதல் வேலையாக உன் அம்மாவைப் பார்த்து, ஏண்டி இவ்ளோ நரைச்சுப் போயிட்டே என்று கேட்டிருக்கிறார். ஆபரேஷன் முழு வெற்றி என்று டாக்டர் சொல்கிறார், உன் அம்மா மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒர்க் ஷாப்புக்கு எதிரே ரோட்டைத் தோண்டிப் போட்டுவிட்டுப் போனவர்கள் போனவர்கள்தான். பள்ளத்தில் இறங்கி அடி வாங்குகிற வண்டியெல்லாம் நேராக நம்மிடமே வருவதால் நானும் யாரிடமும் புகார் கொடுக்கவில்லை.

போனில் பேசினால் போதாதா, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். எனக்குப் பேச்சு வராத இடத்திலெல்லாம், இரு, அம்மாகிட்ட குடுக்கறேன் என்று போனைத் தள்ளிவிடுவது என் வழக்கம். கடிதத்தை நடுவில் யாரிடமும் தள்ள முடியாது. போன வாரம் நீ அம்மாவிடம் பேசும்போது, நீங்கள் இரண்டு பேரும் இனி இங்கே திரும்பி வரப் போவதில்லை, அங்கேயே இருந்துவிடுவதாக முடிவு செய்துவிட்டீர்கள், மாப்பிள்ளை இங்கு வந்திருந்தபோது அதை என்னிடம் நேரில் சொன்னார், நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் சம்மதித்துவிட்டேன், அப்பாவுக்கு எவ்ளோ பெரிய மனசு என்றெல்லாம் சொன்னாய் அல்லவா. அந்தப் பாராட்டைத் திருப்பி அனுப்பத்தான் இந்தக் கடிதம். நான் சம்மதிக்கவில்லை, வாலு. மறுக்கவும் இல்லை. மாப்பிள்ளை என்னிடம் என்ன சொன்னார் என்பதே எனக்கு அன்றைக்குத் தெரியாது. நீ அம்மாவிடம் சொன்ன பிறகுதான் எனக்கே விஷயம் தெரியும். இப்படி ஒரு அப்பனா என்று நீ தலையில் அடித்துக்கொள்வதற்கு முன்னால் நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், பிறகு எத்தனை அடி வேண்டுமானாலும் அடித்துக்கொள்.

மாப்பிள்ளைக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ரிஜிஸ்டர் ஆபீசில் உங்கள் கல்யாணத்தன்று அவர் என்னிடம் வந்து ஏதோ கேட்டார், நான் சிரித்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனவன்தான், நீங்கள் விமானம் ஏறும்வரை அவர் இருந்த பக்கமே திரும்பவில்லை. அன்றிலிருந்து, உங்கப்பாவுக்கு என்னைப் பிடிக்கலையோ என்று அவர் உன்னைக் கேட்டுக்கொண்டே இருப்பதாக நீ அம்மாவிடம் சொன்னாய். பிடிக்காமல் என்ன. பயம். இத்தனை வருஷம் ஒர்க் ஷாப்பில் எவன் வந்து சத்தம் போட்டாலும் அசையாத நான், ஹலோ அங்கிள் என்று ஒரு குரல் கேட்டதும் போனைச் சூடான சைலன்சரைத் தொட்டது மாதிரி விட்டுவிடுவேன். இந்த நிலைமையில் அவர் ஆபீஸ் வேலையாக இந்தப் பக்கம் வருகிறார், நம் வீட்டில்தான் தங்குவார் என்றாய். அதே வாரம் பெரியம்மாவின் ஆபரேஷனுக்குத் துணையாக உன் அம்மா கிளம்ப வேண்டியதாகிவிட்டது. வீட்டில் நானும் அவரும் மட்டும். 

பக்கத்துக் கடை ஜெராக்ஸ்காரரிடம் போய் நின்றேன். ஊரில் யாருக்கு என்ன விண்ணப்பம் வேண்டுமானாலும் இங்கிலீஷில் அடித்துக் கொடுக்கிறவர், ஆளுக்குத் தகுந்த மாதிரி அறிவும் கொடுப்பார். ரெண்டு வாரத்துல இங்கிலீஷ் முழுக்க ஏறாது, ஆனா ஒரே ஒரு வார்த்தைய முழுசாக் கத்துக்கிட்டா பாதிக் கிணறு தாண்டிடலாம் என்றார். அந்த வார்த்தை, கெட். இங்கிலீஷில் மூன்றே எழுத்து. வாங்குவதும் கெட், கிடைப்பதும் கெட், போய்ச் சேருவதும் கெட். வயசானால் கெட், சளி பிடித்தால் கெட், கல்யாணம் பண்ணிக்கொண்டால் கெட். பின்னால் ஒரு வாலை மாட்டிவிட்டால் எழுந்திரு, ஏறு, இறங்கு, உள்ளே வா, திரும்பி வா, எல்லாம் ஆகிவிடும். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. ஒரு கைப்பிடி, மாட்டுகிற தலை பல, இதைத்தானே நான் வாழ்நாள் முழுக்கக் கையில் வைத்துக்கொண்டு வேலை செய்கிறேன். வாயைத் திருகித் திருகி எல்லா நட்டுக்கும் போடுகிற ஸ்க்ரூ ஸ்பேனர் ஒன்று இருந்தால் பெட்டி நிறைய எதற்கு என்று முடிவு கட்டினேன். இதே ஸ்க்ரூ ஸ்பேனரை எல்லா நட்டுக்கும் போடுகிறவனைப் பார்த்தால் நான் எப்படிக் கத்துவேன் என்பது அந்த நேரத்தில் ஞாபகமே வரவில்லை பார்.

நம் ஒர்க் ஷாப் சுவரில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் பின்னால் அதன் உருவத்தைப் பெயின்டில் வரைந்து வைத்திருக்கிறேன் அல்லவா, எடுத்ததைத் திருப்பி மாட்டாவிட்டால் சுவரே காட்டிக்கொடுக்கும். அதே முறையில் படிக்கலாம் என்று ஆயில் டப்பா வந்த அட்டைப் பெட்டியைத் துண்டு துண்டாக வெட்டி, துண்டுக்கு ஒரு கெட் எழுதி, கிடைத்த ஆணியிலெல்லாம் தொங்கவிட்டேன். வேலை செய்துகொண்டே அண்ணாந்து பார்த்துச் சொல்லிப் பார்ப்பேன். டிங்கர் வேலை பார்க்கிறவர் ஒரு நாள் பொறுத்தார், மறுநாள், அண்ணே, சுத்தியல் சத்தத்துலகூட என் காது இப்படி வலிச்சதில்ல என்றார். கெட் லாஸ்ட், தொலைந்து போ என்று எழுதிய அட்டை, யோசிக்காமல் மாட்டியதில், வண்டி விட வருகிறவர்கள் உட்காருகிற நாற்காலிக்கு நேர் மேலே போய்விட்டது. அதன் கீழே உட்கார்ந்து தலை நிமிர்த்திப் படித்த பாங்க் மேனேஜர் சாவியை வாங்கிக்கொண்டு போனவர் இன்றுவரை வரவில்லை. வீட்டில் உன் அம்மாவிடம் பெருமையாக, ஒரே வார்த்தைக்கு இத்தனை அர்த்தம் உலகத்துல எங்கயாவது உண்டா என்று கேட்டேன். அவள் பெரியம்மா வீட்டுக்குப் பெட்டி கட்டிக்கொண்டே, காலைல எந்திரிச்சதும் டீ போடுன்னீங்க, சட்டையைப் போட்டீங்க, எங்கூடச் சண்டை போட்டீங்க, கதவைப் படார்னு போட்டுட்டுப் போனீங்க, மத்தியானம் வந்து குட்டித் தூக்கம் போட்டீங்க, இப்ப என் தலைல ஒரு பாடத்தைப் போடறீங்க, இதையெல்லாம் அட்டை எழுதி மாட்டியா படிச்சீங்க என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். ஆனாலும் மறுநாள் இன்னும் கொஞ்சம் அட்டை வெட்டினேன்.

மாப்பிள்ளை வந்தார். விமான நிலையத்தில், யூ கெட் டயர்டு என்றேன், ஆமாம் என்று சிரித்தார். ஐ கெட் பேக் என்று பெட்டியைப் பிடுங்கிக்கொண்டேன், கெட் இன் என்று வண்டிக் கதவைத் திறந்துவிட்டேன். எல்லாம் வெண்ணெயில் கத்தி போல இறங்கியது. ஜெராக்ஸ்காரருக்கு மனசுக்குள் மாலையே போட்டுவிட்டேன். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, நான் முதலில் இறங்கி, அவர் பக்கத்துக் கதவைத் திறந்து, முகம் கொள்ளாத சிரிப்போடு, எதிர் வீட்டு மாடியில் துணி உலர்த்துகிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி, கெட் அவுட் என்றேன். முதல் தடவையாக வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையை வாசலிலேயே வைத்து கெட் அவுட் சொன்ன மாமனார் நானாகத்தான் இருப்பேன். பாவம், அவர் ஒரு கணம் அப்படியே உட்கார்ந்திருந்தார், பிறகு என் சிரிப்பைப் பார்த்துவிட்டு மெதுவாக இறங்கினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வேளையும் யூ கெட் டீ, யூ கெட் முட்டை, யூ கெட் குளிக்கிற வெந்நீர் என்றே ஓட்டினேன். நான் தட்டில் எதை வைத்தாலும் அவர் தட்டைக் கழுவி வைக்கிற மாதிரி சாப்பிட்டார். சமையலறைப் பரணில் தினமும் தலையை இடித்துக்கொண்டு, தினமும் பரணிடம் மன்னிப்புக் கேட்டார். அவ்வளவு நல்ல மனுஷன்.

ஒர்க் ஷாப்புக்கும் கூட்டிப் போனேன். சட்டைக் கையை மடித்துக்கொண்டு, நானும் உதவி பண்ணுகிறேன் என்று ஜாடையில் சொன்னார். ஒரு பழைய வண்டியின் ரேடியேட்டர் பக்கத்து நட்டைக் கழற்றச் சொன்னேன். சரியான ஸ்பேனர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, ஸ்க்ரூ ஸ்பேனரை எடுத்து, அரைகுறையாகக் கவ்வ வைத்து, பலம் கொண்ட மட்டும் திருகினார். நட்டின் ஆறு முனையும் மழுங்கி உருண்டையாகிவிட்டது. வேறு யாராவது செய்திருந்தால் அவன் பரம்பரையையே இழுத்திருப்பேன். திட்டு தொண்டைவரை வந்து, வெளியே வர இங்கிலீஷ் இல்லாமல், வந்த வழியே திரும்பிப் போயிற்று. எனக்கு மட்டும் இங்கிலீஷில் நாலு திட்டு தெரிந்திருந்தால் அவர் அன்றைக்கே விமானம் ஏறியிருப்பார். அவர் கறுப்பான கையோடு என்னைப் பார்த்து, ஸாரி என்றார். நான் ஆணிகளில் தொங்கிய அட்டைகளில் பொருத்தமான ஒன்றைத் தேடி, கிடைக்காமல், நோ கெட், நோ கெட் என்றேன். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியாது.

கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம். சமையலறை மேஜையில் டீயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவர் குடிக்காமல் கோப்பையைச் சுற்றிச் சுற்றி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு பேச ஆரம்பித்தார். நிதானமாகத்தான் பேசினார், ஆனால் நிறுத்தவில்லை. உன் பேர் வந்தது, ஹோம் வந்தது, ஃபாதர் வந்தது, நடுவில் ஒரு தடவை குரல் உடைந்தது. நான், நம் உபசரிப்புக்கு நன்றி சொல்கிறார் போலிருக்கிறது, முட்டை அவ்வளவு பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். சிரிக்காதே, நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். நன்றி சொல்கிறவரிடம் புரியவில்லை என்று சொன்னால் மரியாதையாக இருக்குமா. அதோடு, என் அட்டைகளிலேயே நான் ரொம்ப ஆசையாக வைத்திருந்த ஒன்று இன்னும் வெளியே எடுக்கப்படாமல் இருந்தது. எனக்குப் புரிகிறது என்பதற்குச் சொல்வது. அவர் மூச்சு விட்ட இடத்தில், நெஞ்சில் கையை வைத்து, தலையை ஆட்டி, ஐ கெட் இட் என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். ஏதோ கேட்டார். மறுபடியும் ஐ கெட் இட் என்றேன், இந்தத் தடவை இன்னும் கொஞ்சம் உருக்கமாக. அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவர் அழுவதைப் பார்த்து எனக்கும் அழுகை வந்தது, எதற்கு அழுகிறேன் என்று தெரியாமலே நன்றாக அழுதேன். அன்றைக்குப் படுக்கும்போது, பரவாயில்லடா, ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு மாப்பிள்ளையையே மடக்கிவிட்டாய் என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

போன வாரம் நீ போன் செய்தபோது அம்மா காய் நறுக்கிக்கொண்டே ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், நான் சிங்க்குக் கீழே குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாடி ரூமை இனிமே பூட்டி வைக்காதீங்கம்மா, உங்க தையல் மெஷினை அங்க போட்டுக்கங்க, நாங்கதான் திரும்பி வரப் போறதில்லையே, அப்பாவும் சரின்னுட்டாரே என்றாய். நான் நிமிர்ந்த வேகத்தில் சிங்க் தலையில் இடித்தது. மாப்பிள்ளைக்குப் பரண், எனக்கு சிங்க். நீ போனை வைத்ததும் உன் அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு, எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம என் பொண்ணை மொத்தமா அனுப்பி வச்சிட்டீங்களா என்று கேட்டாள். எனக்கு இரண்டு வழி இருந்தது. தெரிந்து சம்மதித்தேன் என்றால் பாவி, தெரியாமல் தலையாட்டினேன் என்றால் முட்டாள். கௌரவம் பார்த்து முதலில் பாவியாக இருந்து பார்த்தேன். அது தாங்கவில்லை. சாப்பிடறவங்க வந்து சாப்பிடலாம் என்று சுவரைப் பார்த்துச் சொல்கிறாள், ஒர்க் ஷாப் சாவி எங்க வச்சாங்களோ அங்கயே இருக்கும் என்று மின்விசிறியிடம் சொல்கிறாள். முட்டாளாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று எல்லாவற்றையும் ஒப்பித்தேன், முட்டை உட்பட. அவள் சிரிக்க ஆரம்பித்தாள், சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள், உட்கார்ந்த இடத்திலேயே அழுதாள். எல்லா நட்டுக்கும் ஒரே ஸ்பேனரைப் போடாதே, மழுங்கிடும்னு ஊரையே திட்டுவீங்களே, வீட்டுல வந்து என்ன பண்ணி வச்சிருக்கீங்க என்றாள். நீ அதற்குப் பிறகு போன் செய்து அவள் எடுக்கவில்லை என்றால் கோபம் என்று நினைக்காதே. உன் குரலைக் கேட்டால் எங்கே உடைந்துவிடுவோமோ என்றுதான் எடுக்கவில்லை.

அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்த அன்றைக்குச் சாயங்காலம் மாடி அறையில் போய் உட்கார்ந்திருந்தேன். மூன்று வருஷம்தாம்ப்பா, வந்துடுவேன் என்று நீ சொல்லிவிட்டுப் போன பிறகு கட்டிய அறை. உங்கள் இரண்டு பேருக்கும் என்று ஜன்னலைப் பெரிதாக வைத்து, உன் புத்தகங்களுக்கு அலமாரி அடித்து, மேஸ்திரியோடு சண்டை போட்டுக் கட்டியது. எனக்கு வலிக்கிறது, வாலு. அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நீ வந்துவிடுவாய் என்பதை நான் ஒரு நாளும் சந்தேகப்பட்டதே இல்லை. உன்மேல் கோபமும் வந்தது. என்னிடம் நேராகச் சொல்லப் பயந்து மாப்பிள்ளையை அனுப்பினாயா என்று நினைத்தேன். அப்புறம் பார்த்தால், பேசப் பயமாக இருந்தால் பக்கத்தில் இருக்கிறவர் கையில் போனைக் கொடுத்துவிடுவதை நீ யாரிடம் கற்றுக்கொண்டாய். அந்தக் கோபம் திரும்பி என்மேலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. ஆபீஸ் வேலை சும்மா ஒரு சாக்குதான், உங்கப்பாகிட்ட முகத்தைப் பார்த்துச் சொல்லாம எனக்குத் தூக்கம் வராதுன்னு அவர்தான் அடம் பிடிச்சார் என்று நீ அம்மாவிடம் சொன்னாயே, அதையும் அந்த அறையில் உட்கார்ந்து யோசித்தேன்.

அன்றைக்கு அவர் சொன்னது எனக்குப் புரிந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். இரண்டாவது வாக்கியத்திலேயே மேஜையைத் தட்டி முடியாது என்றிருப்பேன். அதற்கு மேல் அவரைப் பேச விட்டிருக்க மாட்டேன், கிளம்பிப் போகிற முகத்தைக்கூடப் பார்த்திருக்க மாட்டேன். புரியாமல் போனதால்தான் ஒரு மனுஷன் மனசில் உள்ளதைச் சொல்லி முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் வாழ்நாளில் நான் யாரையும் அப்படிப் பேசி முடிக்க விட்டதில்லை. உன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இங்கிலீஷ் தெரியாததால் எனக்குக் கிடைத்த ஒரே மரியாதை அதுதான், அதுவும் தெரியாமல் கிடைத்தது. இப்போது அந்த முகத்தையும் அந்தக் கோப்பையையும் விஷயத்தோடு சேர்த்துப் பார்க்கிறேன். நீ அங்கே தனியாக இல்லை, உனக்காக அவ்வளவு தூரம் வந்து, தலையை இடித்துக்கொண்டு, என் சமையலைச் சாப்பிட்டு, என்னைப் போன்ற ஒரு ஆளுக்கு முன்னால் உட்கார்ந்து அழுகிற ஒருவரோடு இருக்கிறாய். அது போதும் என்று என்னால் இன்னும் சொல்ல முடியவில்லை. ஆனால் அது சின்ன விஷயம் இல்லை என்று தெரிகிறது.

அதனால் மாப்பிள்ளையிடம் உண்மையைச் சொல்லிவிடு. அன்றைக்கு மாமாவுக்கு ஒரு மண்ணும் புரியவில்லையாம், முட்டைக்கு நன்றி சொல்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டாராம் என்று சொல். அவர் சிரிக்கட்டும், சிரித்து முடிக்கும்வரை காத்திரு. பிறகு, இப்போது எல்லாம் புரிந்துவிட்டதாம், பதில் மட்டும் அன்றைக்குச் சொன்னதேதான் என்று சொல்.

இரண்டு பேரும் நோய் நொடி இல்லாமல், ஒருவர் பேச்சை ஒருவர் கடைசிவரை கேட்டுக்கொண்டு, நீண்ட நாள் நன்றாக வாழ வேண்டும். அம்மாவும் இதையேதான் சொல்லச் சொன்னாள், அவள் சொன்னதில் கொஞ்சம் திட்டும் இருந்தது, அதை நான் வைத்துக்கொண்டேன். வீட்டுக்குள்ளும் காலுறை போட்டுக்கொள், பனியில் நடக்கும்போது போனைப் பார்த்துக்கொண்டு நடக்காதே. ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். நீ சொன்னபடி தையல் மெஷினை நேற்று நானும் டிங்கரும் மாடிக்கு ஏற்றிவிட்டோம். கட்டிலைப் பிரிக்கவில்லை, சுவரோரமாகத் தள்ளித்தான் வைத்திருக்கிறேன். நீங்கள் வருவதாக இருந்தால் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மெஷின் அப்படியொன்றும் கனமில்லை, நான் ஒருத்தனே இறக்கிவிடுவேன்.

இப்படிக்கு,
உன் அப்பா